அம்மாயியின் முழங்காலும் சங்கத்தின் வேலைதான்

(சிறுவர், முதியோர் தினமான ஒக்டோபர் 1ஆம் திகதி, மாதர் தலைவிகளுக்கும் தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்குமாக நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் நாட்டில் சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒரே நாளில் வருகின்றன. இன்று காலையில் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு பலூனும் இனிப்பும் கொடுத்திருப்பார்கள். வேறொரு மண்டபத்தில் வயதானவர்கள் சிலரைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தியிருப்பார்கள். இரண்டும் தனித்தனி விழா. ஆனால் நம் லயங்களில் சிறுவரும் முதியவரும் ஒரே காம்பராவில், ஒரே பாயில் படுத்து எழும்புகிறார்கள். நடுவில் இருக்க வேண்டிய தாயும் தகப்பனும்தான் அங்கே இல்லை. அந்தக் காம்பராவைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

உங்கள் தோட்டத்தில் ஒரு லயத்தை மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொங்கலில் இருந்து மறு தொங்கல் வரைக்கும் கதவு கதவாக எண்ணிப் பாருங்கள். எந்த வீட்டில் தாய் குவைத்திலோ சவூதியிலோ இருக்கிறாள்? எந்த வீட்டில் தகப்பன் கொழும்பில் கடையிலோ ஹோட்டலிலோ நிற்கிறான்? எந்த வீட்டில் இரண்டு பேருமே இல்லை? அந்த வீடுகளில் விடியற்காலையில் அடுப்பு மூட்டுவது யார், பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டுவது யார், காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு இறங்குவது யார்? அம்மாயி, அப்பாயி, சில வீடுகளில் தாத்தா. பேர் போட்டுக் கொழுந்தெடுத்த காலம் முடிந்த பிறகு, சம்பளமும் லீவும் இல்லாத இரண்டாவது வேலையை இவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாயியின் கதையைச் சொல்கிறேன். பேரும் தோட்டமும் வேண்டாம். 38 வருஷம் கொழுந்தெடுத்தவர். மகள் வெளிநாட்டில். 12 வயதுப் பேத்தியும் 4 வயதுப் பேரனும் அம்மாயியிடம். ஒரு மழை நாளில், பீலிக்கரையிலிருந்து தண்ணீர்க் குடத்துடன் படியேறும்போது கால் இடறிவிட்டது. தொடை எலும்பு முறிந்தது. வைத்தியசாலை, சத்திரசிகிச்சை, பிறகு மூன்று மாதம் படுக்கை. மகளுக்கு ஒப்பந்தம் முடியவில்லை, வர முடியவில்லை. முதல் வாரம் பக்கத்து வீட்டார் சோறு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு யார் சமைத்தது என்று நினைக்கிறீர்கள்? அந்த 12 வயதுப் பிள்ளை. அம்மாயியைக் கழுவித் துடைத்ததும் அவள்தான், தம்பியைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். ஒரு தவணை முழுக்க அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

தோழியரே, அந்தக் குடும்பத்தின் மொத்தப் பாரமும் ஒரு வயதான பெண்ணின் இரண்டு கால்களில் நின்றுகொண்டிருந்தது. அந்தக் கால்கள் எப்படி இருக்கின்றன என்று அவர் விழுகிற வரைக்கும் யாரும் கேட்கவில்லை. சங்கத்திலிருந்து நாங்களும் கேட்கவில்லை.

2013ஆம் ஆண்டு முதல், சிறு பிள்ளைகளுள்ள பெண்கள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவதென்றால் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கேட்டார்கள். தாய் இல்லாத காலத்தில் பிள்ளையைப் பார்க்கப் போவது யார் என்று அதில் சொல்ல வேண்டும். எத்தனையோ அம்மாயிமார் அதில் கையெழுத்து வைத்தார்கள், கைநாட்டு வைத்தார்கள். பொறுப்பை எழுதி வாங்கினார்கள். பொறுப்பை ஏற்றுக்கொண்டவருக்கு பிரஷர் எவ்வளவு, சீனி எவ்வளவு, முழங்கால் மடங்குகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு ஏற்பாடும் நம் லயத்துக்கு வந்து சேரவில்லை.

"ஆயுசு முழுக்க மலை ஏறினோமே!"

சில மாதங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் நான் முதன்முதலாக இந்தப் பேச்சை எடுத்தேன். "வயதானவர்கள் கிழமைக்கு மூன்று நாள் சேர்ந்து உடற்பயிற்சி செய்வோம்" என்றேன். பின்னாலிருந்து ஒரு தாய் சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, ஆயுசு முழுக்க மலை ஏறி இறங்கினோம். இன்னும் என்னம்மா எக்சர்சைஸ்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த வேலையைத் தொடங்க முடியாது.

கொழுந்தெடுக்கும்போது உடம்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். கூடையின் கயிறு தலையில் இழுக்கிறது. கழுத்து முன்னுக்குத் தள்ளி நிற்கிறது. தோள் சுருங்குகிறது. இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. இதையே காலை முதல் மாலை வரை, மழையிலும் பனியிலும், 30, 40 வருஷம். அதே மூட்டு, அதே தசை, அதே பக்கம். நோகும்போது நிறுத்த முடியாது, ஏனென்றால் கிலோ குறையும். வேலை உடம்பைத் தேய்க்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உடற்பயிற்சியில் பாரம் உங்கள் அளவுக்கு இருக்கும், நோகுமுன் நிறுத்தலாம், நடுவில் ஓய்வு உண்டு, வேலை பயன்படுத்தாமல் விட்ட தசைகளையும் தேடிப் பிடித்து அசைக்கலாம். கூடை முன்னுக்கு இழுத்த தோளைப் பின்னுக்குக் கொண்டுவருவதற்கு எந்த மலையும் உதவாது.

இன்னொன்றும் நடக்கிறது. பேர் வெட்டிய அடுத்த நாளிலிருந்து பலருக்கு நடை சட்டென்று நின்றுவிடுகிறது. சிலர் கைக்காசுக்குப் போகிறார்கள், மற்றவர்கள் காம்பராவும் இஸ்தோப்புமாக இருந்துவிடுகிறார்கள். சாப்பாடு மாறுவதில்லை: காலையில் ரொட்டி, இரவிலும் ரொட்டி, இடையில் சீனி போட்ட சாயத்தண்ணி. கால் தசை மெலிகிறது, இடுப்பில் சதை கூடுகிறது, சீனியும் பிரஷரும் ஏறுகின்றன. பிள்ளை ஓடினால் பின்னால் ஓட முடியாது என்பதால், போனைக் கையில் கொடுத்துக் காம்பராவுக்குள்ளேயே உட்கார வைக்கிறார்கள். இப்படி இரண்டு தலைமுறை ஒரே பாயில் உட்கார்ந்துவிடுகிறது.

"பேரப்பிள்ளையைப் பார்ப்பதே உடற்பயிற்சிதானே" என்றும் கேட்கலாம். பேரப்பிள்ளை சந்தோஷம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் முழுப் பொறுப்பும் ஒருவர் தலையில் விழுந்தால் அது வேறு. அமெரிக்காவில் 50,000க்கும் மேற்பட்ட தாதியரைப் பல வருஷம் பின்தொடர்ந்து 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாரத்துக்கு 9 மணித்தியாலமோ அதற்கு மேலோ பேரப்பிள்ளைகளைப் பராமரித்த பாட்டிமாருக்கு இதய நோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. வாரத்துக்கு 9 மணித்தியாலம்! நம் அம்மாயிமார் ஒரே நாளில் அதைத் தாண்டிவிடுகிறார்கள். தூக்கமில்லை, தன் மருந்துக்குப் போக நேரமில்லை, மனதில் எப்போதும் ஒரு பயம். இதெல்லாம் சேர்ந்துதான் நெஞ்சில் இறங்குகிறது.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்?

தென்னாபிரிக்காவில் லிம்போப்போ என்றொரு மாகாணம். எய்ட்ஸ் நோயில் பெற்றோரை இழந்த பேரப்பிள்ளைகளைப் பாட்டிமார் வளர்த்த ஊர்கள் அங்கே ஏராளம். பேக்கா ன்ட்சன்விசி என்ற பெண்மணி அங்குள்ள பாட்டிமாரைச் சேர்த்து உதைபந்தாட்டக் குழு ஒன்றை உண்டாக்கினார். பாவாடையும் தலைத்துணியுமாகப் பாட்டிமார் பந்தை உதைத்தார்கள். "கிழவிகளுக்கு என்ன விளையாட்டு, வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டியதுதானே" என்று ஊரில் பேசியவர்களும் உண்டு. அவர்கள் நிறுத்தவில்லை. 2010இல் அமெரிக்காவுக்கே போய் ஒரு போட்டியில் ஆடினார்கள். நாம் உதைபந்து ஆட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம்மைவிடக் கஷ்டத்தில் இருந்த பெண்கள் வாரத்தில் சில மணித்தியாலத்தைத் தங்களுக்கென்று பிடித்து வைத்தார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1995இல், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி தாத்தாக்களுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கினார்கள். தாதியர் வீட்டுக்கே போய் பிரஷரும் சீனியும் பார்த்தார்கள். கூடவே சமூக சேவையாளரும் போனார். உடம்பும் வீட்டுப் பிரச்சினையும் சேர்ந்தே இருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் வயதானவர்கள் விழாமல் இருப்பதற்கென்று ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார்கள். இயந்திரமோ பெரிய மண்டபமோ தேவையில்லை. கால் தசையைப் பலப்படுத்தும் சில அசைவு, தள்ளாடாமல் நிற்கும் சில பழக்கம், கொஞ்சம் நடை. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம். இதைச் செய்தவர்கள் விழுவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது நடை போன்ற மிதமான அசைவும், அதில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசைப் பலத்துக்குமான பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. 150 நிமிடம் என்றதும் பயப்பட வேண்டாம். அதைத் துண்டு துண்டாகவும் செய்யலாம், கொஞ்சம் செய்தாலும் ஒன்றும் செய்யாததைவிட நல்லது என்றும் அதே வழிகாட்டல் சொல்கிறது.

நம் தோட்டத்தில் எப்படிச் செய்வது?

இடம்: பிள்ளை மடுவத்தின் வராந்தா, கோயில் முன்றல், வாசிகசாலை, எதுவும் போதும். தரை சமமாக இருக்க வேண்டும், மழைக்குக் கூரை வேண்டும். நம் பக்கத்து மழையை நம்பி வெளியில் மட்டும் வைத்தால் ஆனி, ஆடியிலேயே திட்டம் நின்றுவிடும்.

நேரம்: இதில்தான் பல திட்டங்கள் தவறிப்போகின்றன. "பாட்டிமார் நாலு மணிக்கு வாருங்கள்" என்று நோட்டீஸ் ஒட்டினால் யாரும் வர மாட்டார்கள். அந்த நேரம் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பசியோடு நிற்கும். பெரிய பிள்ளைகளை அனுப்பிவிட்டு, சின்னதுகளை மடுவத்தில் விட்டுவிட்டு, காலை எட்டரை ஒன்பது மணிக்குக் கூடலாம். சனிக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே வரலாம். பேரப்பிள்ளைக்கு இடமில்லாத திட்டத்தில் அம்மாயிக்கும் இடமில்லை என்பதை மறக்காதீர்கள்.

என்ன செய்வது: முதலில் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து கை கால்களை ஆட்டுங்கள். பிறகு இந்த ஐந்தும்.

ஒன்று, சுவரோடு அணைத்துப் போட்ட வாங்கில் உட்கார்ந்து, முடிந்தால் கை ஊன்றாமல் எழும்புவது, மெதுவாகத் திரும்ப உட்காருவது. பத்துத் தரம். முடியாதவர்கள் கை ஊன்றலாம், ஐந்து தரம் போதும். கக்கூசுக்குப் போய் எழும்புவதற்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிமிர்வதற்கும் இந்தத் தசைதான் வேண்டும்.

இரண்டு, வாங்கில் உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, இறக்குவது. முழங்கால் வலிக்கு இது நல்ல துணை.

மூன்று, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி, முன்பாதத்தில் நின்று இறங்குவது. படியேறும்போது இந்தக் கெண்டைக்கால் பலம்தான் காப்பாற்றும்.

நான்கு, சுவரைப் பிடித்துக்கொண்டே ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்பது, பிறகு மறு கால். பழகப் பழகப் பிடியைத் தளர்த்தலாம், ஆனால் சுவரைவிட்டுத் தள்ளிப் போகக் கூடாது.

ஐந்து, நிமிர்ந்து நின்று இரண்டு தோளையும் பின்னுக்கு இழுத்து, நாடியை உள்ளே எடுத்து, ஐந்து எண்ணும்வரை பிடிப்பது. இதைத்தான் நான் "கூடையை இறக்கி வைக்கிற பயிற்சி" என்று சொல்வேன்.

கடைசியில் பத்து நிமிடம் கும்மி. ஆம், கும்மிதான். வட்டமாக நடந்து, குனிந்து நிமிர்ந்து, கை தட்டி, காலை மாற்றி வைப்பதில் நடையும் இருக்கிறது, சமநிலையும் இருக்கிறது, மூச்சுக்கு வேலையும் இருக்கிறது. பேத்திமாரையும் வட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாயிக்குத் தெரிந்த பாட்டு பேத்திக்கும் போய்ச் சேரும். தாத்தாமாருக்குத் தப்படிக்கிற வேலையைக் கொடுங்கள், கைக்கும் தோளுக்கும் அதுவே பயிற்சி. வெட்கப்படுகிறவர்கள் முதல் நாள் வாங்கில் உட்கார்ந்து கை தட்டட்டும். மூன்றாம் நாள் தாங்களே எழும்பி வருவார்கள்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. பயிற்சி செய்யும்போது பேச முடிய வேண்டும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி, இறுக்கம், தலைச்சுற்று, கண் இருட்டல் வந்தால் உடனே நிறுத்தி உட்கார வேண்டும், நெஞ்சு வலி நிற்காவிட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். சீனி மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு வரக் கூடாது, முந்தானையில் இரண்டு டொபி முடிந்து வைத்திருங்கள். "எக்சர்சைஸ் செய்கிறேன், இனி மாத்திரை வேண்டாம்" என்று ஒருவரும் முடிவெடுக்கக் கூடாது. தேய்ந்த செருப்பு, வழுக்கும் செருப்பு வேண்டாம். மாரடைப்பு வந்தவர்கள், எலும்பு முறிந்தவர்கள், பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் முதலில் டொக்டரிடம் கேட்டுவிட்டுச் சேர வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியது

இப்போது தலைவர்மாரைப் பார்த்துச் சொல்கிறேன். உடற்பயிற்சியைக் கற்றுக்கொடுத்துவிட்டு நம் பொறுப்பு முடிந்தது என்று போக முடியாது. நான் சொன்ன அந்த அம்மாயி விழுந்ததற்கு அவருடைய கால் மட்டும் காரணமா? பீலிக்கரைப் படி உடைந்திருந்தது. பிடித்துக்கொள்ள ஒரு குழாய்க் கம்பி இல்லை. படியைத் திருத்தச் சொல்லி எத்தனை தரம் எழுதிக் கொடுத்தோம் என்று அந்தத் தோட்டத் தலைவருக்குத் தெரியும். நாளைக்கு நிர்வாகம் நம்மைப் பார்த்து, "உங்கள் ஆட்கள்தான் எக்சர்சைஸ் செய்கிறார்களே, இனி விழ மாட்டார்கள்" என்று சொன்னால் அதை ஏற்க முடியாது. காலும் பலப்பட வேண்டும், படியும் திருந்த வேண்டும். இரண்டையும் சேர்த்தே கேட்போம்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த ஐந்து வேலையை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, பட்டியல். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி தாத்தா எந்தெந்த வீட்டில், எத்தனை பிள்ளை, அவருக்கு என்ன நோய், அவர் விழுந்துவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத வீடுகளுக்கு மாதர் தலைவி முதலில் போக வேண்டும்.

இரண்டாவது, பரிசோதனை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுதி, மாதத்தில் ஒரு நாளாவது தோட்டத்திலேயே பிரஷரும் சீனியும் பார்க்கும்படி கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் இருக்கின்றன. அங்கே இந்தப் பரிசோதனை இலவசம். ஆனால் பிள்ளையை விட்டுவிட்டு பஸ் ஏற முடியாதவருக்கு இலவசம் என்பது போதாது. கிளினிக் நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நம் மாதர் குழுவிலிருந்து இரண்டு பேர் நிற்க வேண்டும்.

மூன்றாவது, படியும் வெளிச்சமும். பீலிக்கரைக்கும் கக்கூசுக்கும் போகும் படிகளை நேரில் போய்ப் பாருங்கள். உடைந்த படி, கைப்பிடி இல்லாத இடம், இருட்டு மூலை எல்லாவற்றையும் எழுதி, திகதி போட்டு, நிர்வாகத்துக்குக் கொடுங்கள். பிரதி ஒன்றைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.

நான்காவது, பிள்ளை மடுவம். தாய் தோட்டத்தில் பேர் போடவில்லை என்று சொல்லி, அம்மாயி வளர்க்கும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கிற இடம் இருந்தால் உடனே எங்களுக்கு அறிவியுங்கள். 30, 40 வருஷம் இந்தத் தோட்டத்துக்கு உழைத்தவரின் பேரப்பிள்ளை அது.

ஐந்தாவது, உரிமைகள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் உரியது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முதியோர் அடையாள அட்டை எடுத்துக் கொடுங்கள். கிராம உத்தியோகத்தர் பிரிவு முதியோர் சங்கத்தில் நம் ஆட்களையும் சேருங்கள், தோட்டத்தில் நடக்கும் பயிற்சியை அந்தச் சங்கத்தின் வேலையாகவும் பதிவு செய்யலாம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. அது கைக்கு வராமல் இழுபட்டால், முழங்கால் நோவோடு அம்மாயி மறுபடியும் கைக்காசுக்கு மலையேறுகிறார். அந்தப் பணம் நேரத்துக்குக் கிடைப்பதும் அவருடைய சுகாதாரம்தான்.

தாய்மாரே, உங்களிடம் ஒரு வார்த்தை. "என்னைப் பார்த்துக்கொள்ள எனக்கு எங்கே நேரம்? பிள்ளையைத்தானே பார்க்க வேண்டும்" என்பீர்கள். கிழமைக்கு மூன்று நாள், அரை மணித்தியாலம் உங்கள் காலுக்குக் கொடுங்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது உங்கள் காலை விட்டால் வேறு நிலம் இல்லை.

அந்த அம்மாயி இப்போது கைத்தடியுடன் நடக்கிறார். பேத்தி திரும்பப் பள்ளிக்கூடம் போகிறாள், ஒரு தவணை பின்தங்கித்தான் போகிறாள். போன மாதம் அவர்கள் தோட்டத்தில் முதன்முதலாக நாங்கள் கூடியபோது, அம்மாயி வாங்கில் உட்கார்ந்து எழும்புவதை அந்தப் பிள்ளைதான் பக்கத்தில் நின்று எண்ணினாள். ஏழு வரைக்கும் வந்தார். "அடுத்த கிழமை எட்டு" என்றாள் பேத்தி.

வருகிற மாதக் கமிட்டிக் கூட்டத்தில் ஒவ்வொரு தோட்டத் தலைவியிடமும் நான் இரண்டு விஷயம்தான் கேட்பேன்: பட்டியல் எங்கே, முதல் கூட்டம் எப்போது? கையில் பதிலோடு வாருங்கள்.